ஒற்றறிதலும் உய்த்தறிதலும்

புலனாய்வு என்ற சொல் எம்மவர் செவியில் இனிமையாக ஒலிப்பதில்லை. இந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோர்க்கு அச்சொல், பெயர் கூறாது வாசலில் வந்து நின்று விபரம் கேட்பவரையும், கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்து குறிப்பெடுப்பவரையுமே நினைவூட்டும். எமது பாடசாலையில் உயர்தரம் பயின்று சென்ற பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புலனாய்வுப் பகுப்பாய்வு என்னும் துறையில் முதுமாணிப் பட்டம் வழங்குகின்றனர் என்றும், பொலிஸ் அதிகாரிகளும் படைத்துறையினரும் அதனைப் பயில்கின்றனர் என்றும் கூறி, அது எத்தகைய கல்வி என்று வினவினார். எம்மால் உடனே விடையளிக்க இயலவில்லை. ஒட்டுக்கேட்பதற்கும் ஒரு பட்டமா என்றே முதலில் எண்ணினோம். அத்துறை தோன்றி வளர்ந்த வரலாற்றைத் தேடிப் படித்தபின் அவ்வெண்ணத்தைப் பெரிதும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஆயினும் முற்றாக மாற்றிக்கொள்ள இயலவில்லை. ஏன் மாற்றிக்கொண்டோம், ஏன் முற்றாக மாற்றிக்கொள்ளவில்லை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒற்றறிதல் மிகப் பழைய தொழில். அரசு தோன்றிய காலத்திலேயே ஒற்றனும் தோன்றிவிட்டான் எனலாம். அர்த்தசாஸ்திரம் துறவி, வணிகன், மாணவன் எனப் பல வேடங்களிற் திரியும் ஒற்றரை வகுத்துக் காட்டுகின்றது. திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் எனத் தனி அதிகாரமே உண்டு. அவ்வதிகாரத்தில் எம் சிந்தையைக் கவர்வது ஒற்றனின் திறமை பற்றிய பகுதியன்று. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் வேண்டும். அவ்வாறு அறியாத மூவரின் சொல்லும் ஒத்துவரின் அதனை நம்பலாம் என்று வள்ளுவர் விதிக்கிறார். இங்கே பேசப்படுவது செய்தியைத் தேடும் வித்தையன்று. தேடிய செய்தியை எடைபோடும் அறிவு. முன்னது ஒற்றறிதல் என்றால், பின்னதை உய்த்தறிதல் எனலாம்.

தமிழ் பயின்றோர்க்கு இவ்வறிவு அந்நியமானதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்த காலத்தில், ஒரு பாடத்துக்கும் இன்னொரு பாடத்துக்கும் இடையே எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்ற வினா அவர்களை நாள்தோறும் எதிர்கொண்டது. பத்து ஏடுகள் ஒரே பாடத்தைக் காட்டலாம். ஆனால் அப்பத்தும் ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவையாயின் அவை பத்துச் சாட்சிகளாகா. ஒரு சாட்சியே பத்துமுறை பேசியதாகும். இவ்வுண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

பழைய அரசுகளில் எடைபோடும் வேலை அரசனுக்கும் அமைச்சனுக்கும் உரியதாயிருந்தது. அதனைத் தனித் தொழிலாகப் பிரித்து, கற்றவர் கையில் ஒப்படைத்தது இருபதாம் நூற்றாண்டு. அப்பிரிவு தெளிவாக நிகழ்ந்த இடம் ஐக்கிய அமெரிக்கா. காலம் இரண்டாம் உலக யுத்தம். 1941 ஜூலை மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற், வில்லியம் டொனவன் என்பவரைத் தகவல் இணைப்பாளராக நியமித்தார். டொனவனுக்கு உறுதுணையாய் நின்றவர்களுள் ஒருவர் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் தலைவராயிருந்த கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ். பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் அந்நூலகத்தின் நிழலிலே கூடினர். ஆராய்ச்சி பகுப்பாய்வுக் கிளை என்ற பெயருடன் அமைந்த அப்பிரிவுக்கு 1942 முதல் தலைமை தாங்கியவர் ஹார்வார்ட் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் லாங்கர். யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 900 அறிஞர் அங்கு பணிபுரிந்தனர். வரலாற்றாசிரியர், பொருளியலாளர், புவியியலாளர், மானிடவியலாளர் எனப் பல துறையினரும் அவர்களுள் அடங்குவர்.

இவர்கள் இருளில் திரிந்தவர்களல்லர். பத்திரிகைகள், புள்ளிவிபரத் தொகுதிகள், புகையிரத நேரசூசிகள், துறைமுக வரைபடங்கள் ஆகியவற்றைப் படித்து, எதிரியின் நாட்டில் என்ன விளைகிறது, எங்கே ஏற்றப்படுகிறது, எதற்குத் தட்டுப்பாடு என்பவற்றை அவர்கள் உய்த்துணர்ந்தனர். அவர்கள் கையாண்டவற்றுள் பெரும்பகுதி எந்த நூலகத்திலும் கிடைக்கக்கூடியது. அரசு இரகசியமென்று தேடியலைவதில் எத்துணையோ, ஊரறிந்த ஏடுகளில் எவரும் கூட்டிப்படிக்காமற் கிடக்கின்றது என்பது அவர்கள் உலகுக்குக் காட்டிய முதற் பாடம்.

அக்கிளையில் பணிபுரிந்தோருள் இருவகையினரை இங்கு சிறப்பாகக் குறிப்பிடுதல் வேண்டும். ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஷேர்மன் கென்ற். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வரலாற்றில் வல்லவர். வரலாறு எழுதுவது எப்படி என மாணவர்க்கு விளக்கும் கைந்நூல் ஒன்றை அவர் 1941இல் வெளியிட்டார். மறுவருடம் வட ஆபிரிக்காவில் நேசநாட்டுப் படைகள் இறங்குமுன், மொறொக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய நாடுகளின் துறைமுகங்களையும் இருப்புப் பாதைகளையும் பற்றிய அறிக்கைகளைத் தயாரித்தது அவரது பிரிவே. மாணவன் கட்டுரைக்குச் சான்று திரட்டும் முறையும், படைத்தளபதி தரையிறங்க இடம் தேரும் முறையும் அடிப்படையில் ஒன்றே என்பதை அவர் கண்டார்.

மற்றவர்கள் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பியோடி வந்த அறிஞர்கள். பிரான்ஸ் நொய்மன், ஹேர்பேர்ட் மார்க்கூசே, ஒற்றோ கிர்ஷ்ஹைமர் என்போர் மார்க்சிய மரபில் வளர்ந்தவர்கள். நாஜி ஆட்சியின் சமூக அடித்தளம் எது, பெருமுதலாளிகளுக்கும் கட்சிக்கும் உள்ள உறவு யாது என்ற வினாக்களை அவர்கள் அக்கிளையின் மேசைகளில் எழுப்பினர். பாஸிசத்தை வெறும் பைத்தியக்காரத்தனமாகக் கருதாது, அதன் வர்க்க வேர்களைத் தேடிய ஆய்வுகள் வாஷிங்டன் அரசின் இரகசியக் கோவைகளில் எழுதப்பட்டன என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளை ஆராய்ந்த ரால்ப் பஞ்ச் என்ற கறுப்பின அறிஞரும் அங்கு பணியாற்றியவரே. 1950இல் அவருக்குச் சமாதானத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தது. உடன்படாதவர்க்கு இடமளித்ததாலேயே அக்கிளை அறிவுடையதாயிற்று எனல் மிகையாகாது.

யுத்தம் முடிந்ததும் நிலைமை மாறியது. 1945 ஒக்ரோபர் முதலாந் திகதியுடன் டொனவனின் நிறுவனம் கலைக்கப்பட்டது. ஆராய்ச்சிக் கிளை இராஜாங்கத் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டது. 1947இல் மத்திய புலனாய்வு நிறுவனமாகிய சி.ஐ.ஏ. தோன்றியது. கென்ற் 1949இல் எழுதிய நூல் இத்துறையின் முதல் இலக்கணம் எனப் போற்றப்படுகிறது. ஆய்வாளன் ஆட்சியாளனுக்கு மிக அருகில் நின்றால் அவன் விருப்பத்தையே உண்மையென எழுதுவான். மிகத் தொலைவில் நின்றால் அவன் எழுதுவதை எவரும் படியார் என்ற சிக்கலை அந்நூல் வெளிப்படையாகப் பேசியது. 1952 முதல் 1967 வரை தேசிய மதிப்பீடுகள் அலுவலகத்துக்கு அவரே தலைவர். 1955இல், இத்துறைக்கெனத் தனி இலக்கியம் வேண்டும் என வாதாடி ஓர் ஆய்வேட்டையும் தொடக்கிவைத்தார். அதே கூரையின் கீழே இன்னொரு பிரிவினர் 1953இல் ஈரானிலும் 1954இல் குவாத்தமாலாவிலும் மக்கள் தெரிந்தெடுத்த ஆட்சிகளைக் கவிழ்க்கச் சதி செய்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அறிஞரின் நேர்மை நிறுவனத்தின் நேர்மையாகிவிடாது.

கென்ற் மொழியிலும் நாட்டமுடையவர். 1951 மார்ச் மாதத்தில், யூகோஸ்லாவியா மீது அவ்வாண்டில் தாக்குதல் நிகழ்வது பாரதூரமாகக் கருதத்தக்க சாத்தியம் எனப் பொருள்படும் மதிப்பீடு ஒன்று வெளியாயிற்று. அதனைப் படித்த இராஜாங்கத் திணைக்கள உயர் அலுவலர் ஒருவர், அச்சொற்றொடரால் நீவிர் குறிப்பது எவ்வளவு என்று கென்றிடம் கேட்டார். நூற்றுக்கு அறுபத்தைந்து என்பது கென்றின் விடை. கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதனை மிகக் குறைவாகவே விளங்கியிருந்தார். பின்னர் கென்ற் தம் சகாக்களையே விசாரித்தார். ஒரே வசனத்துக்கு ஒருமித்துக் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் நூற்றுக்கு இருபது என நினைத்திருந்தார். இன்னொருவர் நூற்றுக்கு எண்பது என நினைத்திருந்தார். இதன் விளைவாகவே, இன்ன சொல்லுக்கு இன்ன அளவு என வரையறுக்க அவர் முயன்றார். அவ்வட்டவணையில் ஏறத்தாழ நிச்சயம் என்பது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. நிகழக்கூடியது என்பது எழுபத்தைந்து. இவ்விரண்டினும் சிறிது கூடியும் குறைந்தும் வரலாம்.

கூடும், போலும், ஐயமில்லை என்னும் சொற்களை நாமும் அளவின்றிக் கையாள்கிறோம். எமது மாணவர் கட்டுரைகளில் ஐயத்துக்குரியவற்றுக்கெல்லாம் ஐயமில்லை என்றே எழுதப்படுகிறது. மதிப்பீட்டில் ஒரு சொல் பிசகினால் ஒரு படை நகரும். ஒருவன் சிறை புகுவான். சொல்லுக்குப் பொறுப்பேற்கும் இப்பயிற்சி எந்த மொழியாசிரியனும் வரவேற்கத்தக்கதே.

எனினும், சொல்லை அளந்தவர்களும் எதிரியை அளக்கத் தவறினர். 1962 செப்டெம்பர் 19ஆந் திகதி, கென்றின் அலுவலகம் தயாரித்த மதிப்பீடு, சோவியத் நாடு கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்துதல் அதன் இதுவரை கால வழக்கத்துக்கு மாறானது, ஆகவே நிகழக்கூடியதன்று எனக் கூறியது. ஒக்ரோபர் 14இல் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள் ஏவுகணைத் தளங்களைக் காட்டின. பிழை எங்கே நேர்ந்தது? சான்று குறைவாயிருந்தது உண்மை. ஆயின் அதனினும் ஆழமான பிழை, தாம் அவ்விடத்தில் இருந்தால் எவ்வாறு எண்ணுவோமோ அவ்வாறே மாற்றானும் எண்ணுவான் எனக் கொண்டதாகும். தன் முகத்தைக் கண்ணாடியிற் பார்த்துவிட்டு அயலவனைக் கண்டேன் என்று சொல்வது போன்றது அது.

இத்தகைய தவறுகளே இத்துறையைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தன. 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனக்கென ஒரு புலனாய்வுப் பள்ளியை அமைத்தது. அப்பள்ளி முதுமாணிப் பட்டம் வழங்க 1980இல் காங்கிரஸ் அதிகாரமளித்தது. பல பெயர் மாற்றங்களின்பின் 2011இல் அது தேசியப் புலனாய்வுப் பல்கலைக்கழகமாயிற்று. அரசுக்கு வெளியே, பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரிலுள்ள மேர்சிஹேர்ஸ்ற் கல்லூரியில், எவ்.பி.ஐ. சேவையிலிருந்து ஓய்வுபெற்ற ரொபேர்ட் ஹைபல் 1992இல் இப்பாடத்தைத் தொடங்கினார். 2000இல் சி.ஐ.ஏ. தன் பயிற்சிப் பள்ளிக்குக் கென்றின் பெயரையே சூட்டியது. 2001 செப்டெம்பர் 11க்குப் பின் இவ்வகைக் கல்வி அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் விரைந்து பெருகிற்று. பொலிஸ் உத்தியோகத்தர், சுங்க அதிகாரிகள், சிறைச்சாலை அதிகாரிகள் ஆகியோர் வேலையில் இருந்தபடியே இன்று இதனைப் பயில்கின்றனர்.

அங்கு கற்பிக்கப்படுவது யாது? சி.ஐ.ஏ.யில் நெடுங்காலம் பணிபுரிந்த றிச்சர்ட்ஸ் ஹோயர் 1999இல் வெளியிட்ட நூல் அவ்வகுப்புகளிற் பெரிதும் பயிலப்படுவது. மனித மனம் தான் முன்னரே நம்பியதற்குச் சான்று தேடும் இயல்புடையது என்பது அவர் கொள்கை. அதற்கு மாற்றாக அவர் கூறும் முறை எளியது. ஒரு நிகழ்ச்சிக்குக் கூறத்தக்க விளக்கங்கள் அனைத்தையும் மேல்வரிசையில் எழுதுக. கிடைத்த சான்றுகளைப் பக்கவாட்டில் எழுதுக. ஒவ்வொரு சான்றும் எந்த விளக்கத்துக்கு முரணாகிறது எனப் பார்க்க. மிகுதியான ஆதரவுடைய விளக்கத்தைத் தேர்தல் வேண்டா. மிகக் குறைந்த முரணுடையதைத் தேர்க. எந்தச் சான்று எல்லா விளக்கங்களுக்கும் ஒத்துப்போகிறதோ அது சான்றேயன்று. காய்ச்சல் என்பது நூறு நோய்க்கும் பொது. அது கொண்டு எந்த நோயென்று வைத்தியன் தீர்மானிப்பதில்லை. இம்மட்டில் இக்கல்வி மெய்யான கல்வியே. எமது முதல் எண்ணத்தை மாற்றியது இதுவே.

ஆனால் வரலாறு இம்மட்டில் நின்றுவிடவில்லை. முறை யாருக்குப் பயன்படுகிறது என்ற வினா எஞ்சி நிற்கிறது. 1956 முதல் 1971 வரை எவ்.பி.ஐ. தன் நாட்டுப் பிரஜைகள் மீதே ஓர் இரகசிய நடவடிக்கையை நடத்தியது. கொம்யூனிஸ்டுகள், நீக்ரோ மக்கள் என அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தினர், யுத்த எதிர்ப்பாளர் ஆகியோர் அதற்கு இலக்காயினர். 1964இல் மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பெயரிடாத மிரட்டற் கடிதமொன்றும் அங்கிருந்தே அனுப்பப்பட்டது. 1975இலும் 1976இலும் செனற் சபைக் குழுவொன்று விசாரித்தபோதே அதன் முழு உருவம் வெளிவந்தது. அது முடிந்துபோன கதையென்று கொள்வதற்கில்லை. 2001க்குப் பின் நியூயோர்க் நகரப் பொலிசார் பள்ளிவாசல்கள், தேநீர்க் கடைகள், மாணவர் சங்கங்கள் ஆகியவற்றைக் கண்காணித்து, முஸ்லிம் மக்களின் அன்றாட வாழ்வையே வரைபடமாக்க ஒரு தனிப் பிரிவை வைத்திருந்தனர். ஆறு ஆண்டுகளில் அப்பிரிவின் வேலையால் ஒரு பயங்கரவாத விசாரணைதானும் தொடங்கியதில்லை என, அதற்குப் பொறுப்பான உயர் அதிகாரியே 2012இல் சத்தியஞ்செய்து கூறினார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய செயலை ஆராயாது ஒரு மக்கட்பிரிவையே சந்தேகிக்கும்போது, பகுப்பாய்வு ஒழிந்து பழைய ஒட்டுக்கேட்டலே மிஞ்சுகின்றது. இதனை எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, முன்னர் மனத்திலிருத்தச் சொன்ன ஏட்டுச் சுவடிக்கு வருவோம். 2002 ஒக்ரோபரில், ஈராக் பேரழிவு ஆயுதங்களை வைத்திருக்கிறது என்ற மதிப்பீடு வாஷிங்டனில் எழுதப்பட்டது. உயிரியல் ஆயுதங்களை உருவாக்கும் நடமாடும் ஆலைகள் பற்றிய பகுதிக்கு முக்கிய ஆதாரம், ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்த ஈராக்கியர் ஒருவரின் வாக்குமூலம். அவர் கூற்றிலிருந்து ஏறத்தாழ நூறு அறிக்கைகள் எழுந்தன. நூறு அறிக்கையாயினும் வாய் ஒன்றே. தாம் கூறியது பொய்யென 2011இல் அவரே ஒப்புக்கொண்டார். வள்ளுவர் வகுத்த விதி, கோடி கோடியாய்ப் பணம் செலவழித்த ஒரு பேரரசின் அலுவலகத்திலே மறக்கப்பட்டது. அம்மதிப்பீட்டிலே மறுப்புக் குரல் இல்லாமலும் இல்லை. ஈராக் அணு ஆயுத முயற்சியை மீளத் தொடங்கிவிட்டது என்பதற்குப் போதிய சான்று இல்லை என இராஜாங்கத் திணைக்களத்தின் புலனாய்வுப் பிரிவு தன் மறுப்பை எழுதிவைத்தது. இப்பிரிவு வேறெதுவுமன்று, 1945இல் அத்திணைக்களத்துக்குச் சென்ற பழைய ஆராய்ச்சிக் கிளையின் வழித்தோன்றலே. மறுத்துச் சொல்லும் மரபு அறுபதாண்டுகள் கழிந்தும் அங்கு உயிரோடிருந்தது. கேட்பார்தாம் இல்லை. 2005இல் விசாரணை நடத்திய ஆணைக்குழு, ஆய்வாளர் மீது நேரடி நெருக்குதல் இருந்ததாகத் தாம் காணவில்லை என்றது. ஆயினும் பொதுக் கருத்தை ஐயுறுவதை ஊக்குவிக்காத சூழலிலேயே அவர்கள் பணிபுரிந்தனர் என்றும் அது கூறியது. கட்டளையிடாமலே நாவை அடக்கும் வல்லமை சூழலுக்கு உண்டு. அந்தச் சூழலுக்கு ஈராக்கிய மக்கள் கொடுத்த விலையை நாம் அறிவோம்.

கேட்பார் இல்லாமை பேரரசுகளுக்கு மட்டும் உரிய நோயன்று. 2019 ஏப்ரல் 4ஆந் திகதி, தேவாலயங்கள் தாக்கப்படக்கூடும் என்ற எச்சரிக்கை வெளிநாட்டிலிருந்து இலங்கையின் புலனாய்வுத் தலைமைக்கு வந்து சேர்ந்தது. கடிதங்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் சென்றன. ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடையிலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் மாண்டவருட் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்த சிறுவர். இங்கே செய்தி இருந்தது, செய்தி பொய்யுமன்று. அதனை உரியவரிடம் உரிய வேளையில் உரத்துச் சொல்லவும், சொன்னதைக் கேட்டுச் செயற்படவும் கடமைப்பட்டோர் தவறினர். 2023 ஜனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வு உயர் அதிகாரிகளும் மக்களின் அடிப்படை உரிமைகளைக் காக்கத் தவறினர் எனத் தீர்ப்பளித்து, இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. முன்னாள் ஜனாதிபதிக்கு மட்டும் விதிக்கப்பட்ட தொகை பத்துக் கோடி ரூபா. பல்லாண்டுகளாக ஒரு சாராரின் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒவ்வொரு நினைவேந்தலையும் குறிப்பெடுத்த கண்கள், கையிற் கிடைத்த கடிதத்தைப் படிக்கத் தவறிய அவலத்தை வரலாறு பதிவுசெய்தே தீரும்.

எனவே எமது பழைய மாணவருக்கு நாம் அளித்த விடை இதுவாகும். இக்கல்வி உய்த்தறிதலைக் கற்பிக்குமாயின் கற்பதில் இழுக்கில்லை. சான்றை ஐயுறவும், சொல்லை அளக்கவும், தன் மனத்தின் சாய்வைத் தானே காணவும் எவன் கற்கிறானோ அவன் பொலிசாருள் இருந்தாலும் மக்களுக்கு நன்மையே. குற்றமற்றவனை விலங்கிடுமுன் சற்று நின்று வேறு விளக்கம் உண்டா எனக் கேட்கும் ஓர் அதிகாரி, கேட்காத நூறு அதிகாரிகளிலும் மேலானவன். ஆனால் மேலிருப்பவன் விரும்பாததைச் சொல்லும் துணிவைப் பாடத்திட்டம் எதுவும் தந்துவிடாது. அத்துணிவுடையோனைப் பாதுகாக்கும் சட்டமும், அவன் கோவைகளைத் திறந்து பார்க்கும் பாராளுமன்றமும் நீதிமன்றமும், இவையனைத்தையும் கேள்வி கேட்கும் விழிப்புள்ள மக்களும் இல்லாத நாட்டில், முதுமாணிப் பட்டம் பெற்ற ஒற்றன் பட்டம் பெறாத ஒற்றனிலும் ஆபத்தானவன் ஆகலாம்.

மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், அங்கு கற்று முடித்து இங்கு திரும்பினால் யாருக்கு வேலை செய்வேன் என்று கேட்டார். எந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவத்திலும் இல்லாத வினா அது. அதனை முதலிற் கேட்கத் தெரிந்தவன் அக்கல்விக்குத் தகுதியுடையவன் என்றே எமக்குத் தோன்றிற்று. அவர் கேட்ட சிபாரிசுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தோம்.